குடும்பப் பெயர் எதற்குக் கட்டாயம்?



வேலை தேடித் தரும் இணையதளங்களில் கணக்குத் தொடங்கும்போது, சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடிவதில்லை. அவற்றில் தமிழ்ப் பிள்ளைகளைத் திணறடிப்பது குடும்பப் பெயர். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. இன்று இனிஷியலும் சொந்தப் பெயரும் மட்டுமே நமக்கு வழக்கம்.

அடையாறில் இருக்கும் என் அண்ணன் மகளின் இனிஷியலை ஒரு தளம் ஏற்கவில்லை. 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்று மறித்தது. அப்பா பெயரை முழுதாகச் சேர்த்தாள். வேலை கிடைத்த தி.நகர் நிறுவனமோ, சான்றிதழில் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்டது. நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகே பணி ஆணை கைக்கு வந்தது.

இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயர் இடத்தை வெறுமையாக விடலாம். அரசு வற்புறுத்தாததைத் தனியார் தளம் ஏன் வற்புறுத்த வேண்டும்? பிறந்த தேதி, தற்போதைய சம்பளம் ஆகியவற்றையும் கட்டாயமாக்கினால், வயதையும் பழைய சம்பளத்தையும் வைத்தே ஒருவரை எடைபோடும் நிலை வரும். ஒப்புதல் பெற்றாலும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலோடு நிற்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

ஒற்றைப் பெயரையும் இனிஷியலையும் தளங்கள் ஏற்க வேண்டும். மற்ற விவரங்களை அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டும். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இதை உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை