இரண்டரை மணிக்குப் பிரஷைக் கழுவிவிடுங்கள்

ஊட்டியின் ஜனவரி வெயிலை நம்பி ஏமாறாத பெயின்டிங் கான்ட்ராக்டர் அபூர்வம். மழை ஓய்ந்து வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். பகலில் 20 டிகிரியைத் தொடும். சீசனுக்குள் முடித்துக் கொடுங்கள் என்று காட்டேஜ்காரர்கள் நெருக்குவார்கள். நாமும் சாரம் கட்டிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் தலைகுந்தா பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்கு நான் அடித்த அரக்குச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் காலை ஜன்னல்களுக்குக் கீழே டிகாக்‌ஷன் வழிந்த மாதிரி பழுப்புக் கோடுகள். தொட்டால் பிசுபிசுப்பு. போலிப் பெயின்ட் என்று உரிமையாளர் கத்த, நான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பெயின்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கை அடித்தது மாலை நாலரைக்கு. இருட்டியதும் நீர்ப்பனி இறங்கி, காயாத பூச்சிலிருந்து நீரில் கரையும் பொருள்களை வெளியே இழுத்துவிட்டது. வெறும் தண்ணீரால் இரண்டு முறை கழுவியதும் கோடுகள் போயின.

போகாதது வடக்குச் சுவரின் கோளாறு. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் அந்தச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை. எமல்ஷனில் தண்ணீர் வற்றினால் மட்டும் போதாது. அதிலுள்ள பிசின் துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டினால்தான் படலம் உருவாகும். குளிரில் அவை இளகுவதில்லை. பார்வைக்குக் காய்ந்திருக்கும், கோடையில் தேய்த்தால் உள்ளங்கையில் மாவாக வரும். சுரண்டி மறுபடி அடித்தேன், என் செலவில்.

சாதாரண எமல்ஷனுக்கு 10 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது காற்றுக்கு மட்டுமான கணக்கல்ல, சுவருக்கும்தான். ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டிப்போன சுவர் காலை ஒன்பதுக்கும் சில்லென்றுதான் இருக்கும். சுவரின் சூட்டைக் காட்டும் கைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பத்தரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு நிறுத்துங்கள். வடக்குச் சுவரை மார்ச்சுக்குத் தள்ளுங்கள். அப்போதும் வெயில் பெரிதாக விழாது, ராத்திரிக் குளிராவது தணிந்திருக்கும். பக்கெட்டுகளை வெளிக் கொட்டகையில் விடாதீர்கள். ஒருமுறை உறைந்து தயிர் போலத் திரிந்துவிட்ட எமல்ஷனை எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலைக்கு வராது. குளிரில் கெட்டியாயிருக்கிறதே என்று பையன்கள் தண்ணீரை அளவில்லாமல் ஊற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மேஸ்திரிகளுக்குத் தெரியாததல்ல. நாலு மணி நேர வேலைக்கு முழுக் கூலி யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். அரை நாள் கூலி என்றால் எந்தப் பெயின்டரும் ஐந்து மணி வரை ரோலரை உருட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மலையில் வேலை எடுப்பவர்கள் இந்தக் குளிருக்கான கொட்டேஷனிலேயே நாட்களைக் கூட்டி, முழு நாள் கூலியைச் சேர்த்து எழுதுங்கள். காரணம் கேட்கும் உரிமையாளரைக் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, அவர் வீட்டுச் சுவரிலேயே கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.