மருந்துக்கு அளவு எழுதுகிறோம், எடைக்கு?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நடப்பவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “சுகர் இருக்குங்க, டாக்டர் நடக்கச் சொன்னார்” என்பார். ஜிம்முக்குப் போவதில்லையா என்று கேட்டால், “சின்ன வயசுல போயிருக்கேன். அப்புறம் முட்டியில அடிபட்டுச்சு, இனிமே வெயிட்டே தூக்காதீங்கன்னு பிசியோ சொல்லிட்டாரு” என்பார். அந்தப் பிசியோ நம்மில் ஒருவர். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லி அனுப்பியவன்தான். அது தவறு என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

நடக்கச் சொல்லும் அறிவுரை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடையும் நீரிழிவு வரும் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்தன. அந்தப் பெருமை அப்படியே இருக்கட்டும். ஆனால் அது நீரிழிவு வராமல் தடுப்பது பற்றிய ஆய்வு. வந்துவிட்டவர்களைப் பற்றி 2007இல் கனடாவில் 251 பேரிடம் நடந்த ஆய்வு வேறொன்று சொன்னது: நடை, சைக்கிள் போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களையும் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களையும்விட, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே எச்பிஏ1சி அதிகமாக இறங்கியது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். இன்சுலின் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் குளுக்கோஸில் பெரும்பங்கு எலும்புத் தசைக்குள் போகிறது. நம்மவர்களுக்கோ ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம். முழங்காலில் அடிபட்டவருக்கு அந்தப் பக்கத் தொடையின் முன்தசை வற்றிப்போயிருக்கும். முழங்காலைத் தாங்கவும் சர்க்கரையை வாங்கவும் வேண்டிய அதே தசையைத்தான் “தூக்காதே” என்று நாம் பட்டினி போடுகிறோம்.

ஆனால் எடைப் பயிற்சிக்குத் திரும்பி வருபவர் புதியவரைவிடச் சிக்கலானவர். இருபத்தைந்து வயதில் 80 கிலோ வைத்து ஸ்குவாட் போட்டவருக்கு அந்த 80 மறப்பதேயில்லை. உடம்பும் அவரை ஏமாற்றும். சில வாரங்களிலேயே நரம்பும் தசையும் பழைய பழக்கத்தை மீட்டுக்கொள்ளும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். நெடுநாள் சர்க்கரையில் கொலாஜன் இழைகளில் குளுக்கோஸ் ஒட்டி அவை விறைத்திருப்பதால், இவர்களுக்கு அது இன்னும் தாமதம். தசை “முடியும்” என்கிறபோது தசைநாண் இன்னும் தயாராகியிருக்காது. இரண்டாம் மாதத்தில் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி என்று வருபவர்களில் பலர் இப்படி அவசரப்பட்டவர்கள். எடையை ஏற்றுவது தசைநாணின் வேகத்தில் இருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கோணம் முக்கியம். ஸ்குவாட்டில் மடக்க மடக்கச் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. எனவே தொடக்கத்தில் 45 பாகை வரை, உயரமான பெஞ்சில் உட்கார்ந்து எழும் அளவுக்குப் போதும். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் கதை தலைகீழ். அங்கே காலை முழுதாக நீட்டும் கடைசிப் பகுதியில்தான் அழுத்தம் அதிகம். 90 முதல் 45 பாகைக்குள் நிறுத்துங்கள். சிலுவைத் தசைநாரோ மெனிஸ்கஸோ கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. அதனால் பயிற்சியின்போது வரும் சிறு வலியைவிட மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. வீங்கியிருந்தால் முந்தைய நாள் எடை அதிகம்.

சர்க்கரைப் பக்கம் நாம் இன்னும் பலவீனமாக இருக்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, ஒன்றும் சாப்பிடாமல், கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஒருவர் நேரே பயிற்சிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அளவு 90க்குக் கீழே இருந்தால், 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உள்ளே போன பிறகே தொடங்க வேண்டும். 250க்கு மேல் இருந்து கீட்டோனும் தென்பட்டால் அன்று பயிற்சி இல்லை. பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கனமான எடை தூக்கியதும் அட்ரினலினால் அளவு சற்று ஏறுவதும் உண்டு. இதை முன்பே சொல்லாவிட்டால் “வெயிட் தூக்கினா சுகர் ஏறுதுங்க” என்று மறுவாரமே நின்றுவிடுவார். அது பிறகு இறங்கும், அடுத்த 24 மணி நேரத்துக்குள் தாழ்ந்தும் போகலாம்.

விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பவர் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. கண் மருத்துவர் சொல்லாமல் தொடங்கவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஷூ கட்டாயம். புரோட்டீன் பவுடருக்கு முன் கிரியாட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்த்தாக வேண்டும்.

இதில் எதுவும் நமக்குப் புதிதல்ல. ஆனால் டாக்டர் மாத்திரையை எழுதுகிறார், நாம் முழங்காலைப் பார்க்கிறோம், டிரெய்னர் எடையைக் கொடுக்கிறார். மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. “லேசா பண்ணுங்க” என்பது எந்த மருந்துச் சீட்டிலும் செல்லாத அளவு. எத்தனை கிலோ, எத்தனை பாகை, எத்தனை முறை, வாரத்தில் எந்தெந்த நாள், எந்தச் சர்க்கரை அளவில் நிறுத்துவது, எப்போது ஏற்றுவது என்று ஒரு தாளில் எழுதலாமே. வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

இந்த வாரம் உங்களிடம் வரும் முதல் நீரிழிவுக்காரரின் பழைய முட்டிக் காயத்தைப் பார்த்து முடித்ததும், அந்தத் தாளை எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் அவருடைய டாக்டருக்கு, ஒன்று டிரெய்னருக்கு. கீழே உங்கள் கையெழுத்தும் போன் எண்ணும் இருக்கட்டும்.