தடையா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு இருந்தா போதுமா?

ஆபாசப் படங்களைத் தடை பண்ணணுமா வேண்டாமா? இந்தக் கேள்வி நம்ம நாட்டுல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுத்திச் சுத்தி வரும். டிவியில ஒருத்தர் கலாச்சாரம்பார், இன்னொருத்தர் தனிமனித சுதந்திரம்பார், ஒரு வாரத்துல அடங்கிடும். அரசு ஆஸ்பத்திரியில தினமும் ஓ.பி. பாக்கிற டாக்டரா எனக்கு இதுல சொல்ல கொஞ்சம் இருக்கு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. நோயாளிகளோட அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம். தடை ஏற்கனவே இருக்கு! 2015 ஜூலை 31-ல மத்திய அரசு 857 தளங்களை முடக்கச் சொல்லுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே பின்வாங்குச்சு. 2018-ல உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கண்டிப்பா சொன்ன பிறகு 827 தளங்களை முடக்க உத்தரவு போச்சு. பெரிய தளங்கள் வேற முகவரியில திரும்பி வந்துச்சு. மிச்சத்துக்கு விபிஎன், டெலிகிராம். பிரிட்டன்ல 2025 ஜூலை 25-லேர்ந்து இந்தத் தளங்களுக்குள்ள போக வயசை நிரூபிக்கணும்னு சட்டம் அமலுக்கு வந்துச்சு. அந்த வாரமே அங்க அதிகமா டவுன்லோட் ஆன ஆப்கள்ல விபிஎன் மேல ஏறிடுச்சு.

அதுக்காக கட்டுப்பாடே வேண்டாம்னு சொல்ல வரல. எட்டு வயசுக் குழந்தை தவறுதலா தட்டி உள்ள போயிடக் கூடாது, அதுக்குக் கதவு வேணும். ஆனா கதவைப் பத்தி மட்டுமே பத்து வருஷமா பேசிட்டு இருக்கோம். ஆஸ்பத்திரிக்கு வர்ற பாதிப்பு வேற இடத்துலேர்ந்து வருது.

ஒரு காலேஜ் பொண்ணு. விஷம் குடிச்சு கேஷுவாலிட்டிக்கு வந்தா. பிழைச்சுட்டா. வீட்ல "வயித்து வலி தாங்க முடியாம குடிச்சுட்டா"ன்னு சொன்னாங்க. மூணாவது நாள் வார்டுல அம்மா டீ வாங்கப் போன நேரத்துல விஷயம் வெளிய வந்துச்சு. பழகின பையன், பிரிஞ்ச பிறகு "அந்த வீடியோவைப் போட்டுருவேன்"னு மிரட்டியிருக்கான். ஒரு குரூப்ல போட்டும் இருக்கான். அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "டாக்டர், அதை அழிக்க முடியுமா?"

விஷம் குடிச்சு வந்தா என்ன செய்யணும்னு எங்களுக்கு வரிசையா தெரியும். ஏ.ஆர். போடுவோம், போலீஸுக்குத் தகவல் போகும், மனநல டாக்டர் வந்து பார்ப்பார். அந்த வீடியோவை எடுக்க வைக்கிறது யாரோட வேலை? ஆஸ்பத்திரியில அப்படி ஒரு ஆள் கிடையாது.

சட்டம் இல்லாம இல்ல. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு தெளிவா சொல்லுது: எடுக்கிறதுக்கு அந்தப் பெண் சம்மதிச்சிருந்தாலும், பரப்புறதுக்குச் சம்மதிக்கலைன்னா பரப்பினது குற்றம். "நீ ஏன்மா எடுக்க விட்ட?"ன்னு கேக்கிற பெரியவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும், காக்கிச் சட்டை போட்டவங்களும் சேர்த்து. 2021 ஐடி விதிகள், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு தளங்களுக்குக் கெடு வைச்சது. ஆனா 2025 ஜூலையில நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் இதே மாதிரி பிரச்சனையோட போக வேண்டி வந்துச்சு. நீதிமன்றம் 48 மணி நேரத்துல நீக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. சட்டம் தெரிஞ்ச வழக்கறிஞருக்கே ஹைகோர்ட் படி ஏறணும்னா, என் வார்டுல படுத்திருக்கிற பத்தொன்பது வயசுப் பொண்ணு எங்க போவா?

அடுத்தது ஓ.பி. கல்யாணமாகி நாலு மாசம் ஆன ஒருத்தர். ஓ.பி. சீட்டுல "உடல் சோர்வு"ன்னு இருக்கும். கூட்டம் குறையுற வரைக்கும் வெளிய நிப்பார், கடைசியா வந்து கதவைச் சாத்தலாமான்னு கேப்பார். மாசத்துல ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டு "ஆண்மைக் குறைவு" பாக்கிற ஆள்கிட்ட ஆயிரக்கணக்குல கொடுத்துட்டுத்தான் எங்ககிட்ட வருவாங்க. இவருக்கு சுகர் இல்ல, பி.பி. இல்ல, காலையில எழுச்சி சரியா இருக்கு. பிரச்சனை என்னன்னா, படத்துல அரை மணி நேரம் போகுது, நமக்கு அஞ்சு நிமிஷம்தானேன்னு பயம்.

2005-ல வெளியான ஒரு ஆய்வுல, அஞ்சு நாட்டுல 500 ஜோடிகள் கையில ஸ்டாப் வாட்ச் கொடுத்து அளந்தாங்க. நடு அளவு 5.4 நிமிஷம். படத்துல வர்றது வெட்டி ஒட்டினது, நடிப்பு, சில நேரம் மாத்திரை. இதைச் சொன்னதும் மனுஷன் முகத்துல வந்த நிம்மதியைப் பாக்கணும்! எந்த லேகியமும் தேவைப்படல. (ஒரு எச்சரிக்கை: மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கிப் போடுற மாத்திரை, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து. அதோட, எழுச்சிக் குறைபாடு சர்க்கரை நோயோட முதல் அறிகுறியாவும் இருக்கலாம். வெக்கப்படாம ரத்தம் செக் பண்ணுங்க.)

அவர் மனைவி என்ன நினைச்சிருப்பாங்கன்னு யாரும் கேக்கல. வலிக்குதுன்னு சொன்னா "படத்துல அந்தப் பொண்ணு சொல்லலையே"ன்னு நினைக்கிற ஆட்களையும் பாத்திருக்கேன். எனக்கு மிச்ச எல்லாத்தையும் விட இதுதான் கவலை. பத்தாம் வகுப்பு அறிவியல்ல இனப்பெருக்கப் பாடம் இருக்கு. பல ஸ்கூல்ல அதை "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிருவாங்க. அப்புறம் பையனுக்கு வாத்தியார் யாரு? போன்தான். சம்மதம்னா என்ன, வலின்னா என்ன, எதெல்லாம் நடிப்பு, இதெல்லாம் பாடத்துல வரணும். 2024 செப்டம்பர் 23 தீர்ப்புல உச்ச நீதிமன்றமும் முழுமையான பாலியல் கல்வி வேணும்னு சொல்லியிருக்கு. அதே தீர்ப்பு, குழந்தைகளோட ஆபாசக் காட்சியை அழிக்காம, புகாரும் கொடுக்காம வச்சிருக்கிறதே போக்சோ குற்றம்னும் சொல்லுச்சு. குரூப்ல வந்துச்சு, நான் பாக்கவே இல்லன்னு சும்மா விட்டு வைக்காதீங்க.

"அடிக்ட் ஆயிட்டேன் டாக்டர்"னு வர்றவங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் இதைப் போதை நோயா சேர்க்கல. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைன்னு தனியா வச்சிருக்கு. வேலை, படிப்பு, குடும்பம் கெட்டும் மாசக்கணக்கா நிறுத்த முடியலைன்னாதான் அந்தப் பேரு. பாத்தது தப்புன்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தா அது நோய் ஆகாது. நிஜமாவே நிறுத்த முடியாதவங்களுக்கு சிகிச்சை இருக்கு, 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம்.

இப்ப கருத்துக் கேட்புக்கு வர்றேன். 2025 அக்டோபர்ல டீப்ஃபேக் மாதிரி ஏஐ உருவாக்குற படங்களுக்கு லேபிள் போடணும்னு வரைவு விதி வந்துச்சு. பொதுமக்கள் கருத்து சொல்ல முதல்ல கொடுத்த அவகாசம் ரெண்டு வாரம். உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பொண்ணோட முகத்தை வெட்டி நிர்வாண உடம்புல ஒட்டினா, "இது ஏஐ"ன்னு ஓரத்துல லேபிள் போட்டா அவ மானம் திரும்பி வந்துருமா? இதைக் கேக்க வேண்டிய ஆளுங்க கேட்பு நடந்ததே தெரியாம வீட்ல இருந்தாங்க.

அடுத்த தடவை கேக்கும்போது, தடை வேணும் வேண்டாம்னு ஒரு வரி அனுப்பாதீங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு ஆள் கேளுங்க. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, அந்தப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு தடவை விவரம் கேட்டு, அங்கேயே புகார் போட்டு, நீக்கியாச்சான்னு மறுநாள் வந்து சொல்ற ஆள். அந்த வீடியோவை அஞ்சு பேருக்குப் போட்டுக் காட்டாம புகார் எடுக்கணும்னும் எழுதுங்க.

அது வர்ற வரைக்கும், இப்ப இந்த நிமிஷம் யாராவது மிரட்டிட்டு இருந்தா: பணம் கொடுக்காதீங்க, கொடுத்தா திரும்பக் கேப்பான். சாட்டை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட், லிங்க், நம்பர் எல்லாம் எடுத்து வைங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க, பணம் போயிருந்தா உடனே 1930. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா 1098. ஸ்டாப்என்சிஐஐ-ன்னு ஒரு தளம் இருக்கு, பதினெட்டு தாண்டினவங்களுக்கு. படத்தை நீங்க யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்க போன்லயே அதுக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி எடுத்து, அதை மட்டும் பங்கேற்கிற தளங்களுக்குக் கொடுக்கும். அதோட பொருந்துற படத்தை அவங்க தடுப்பாங்க. பப்ளிக்கா கமெண்ட்ல விவரம் எழுதாதீங்க, என் டிஎம் திறந்திருக்கு. டூட்டியில இருந்தா பதில் லேட்டாகும்.