எம்எச் 17: ஒரே சாட்சி, எத்தனை வாக்குமூலம்?

எம்எச் 17 விமானத்தை வீழ்த்தியது யார் என்று நம் மக்களிடம் கேட்டுப் பாருங்கள். "அது யாருக்குங்க தெரியும்? ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்று பலர் கைவிரிப்பார்கள். 2014 ஜூலை 17-இல் கிழக்கு உக்ரைன் வானில் 298 உயிர்கள் போயின. அவர்களில் 43 பேர் மலேசியர்கள். விமானப் பணியாளர் 15 பேருமே நம் நாட்டவர். நம் இந்திய சமுதாயத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இந்தக் குழப்பம் தானாக வந்ததல்ல. வெளிநாட்டு மக்களிடம் பேசுவதற்கென்றே ரஷ்ய அரசு 2005-இல் தன் பணத்தில் தொடங்கிய ஆர்டி தொலைக்காட்சிக்கு இதில் பெரும் பங்குண்டு. விமானம் விழுந்த மறுநாளே, அந்தச் செய்தியைத் தன் நிலையம் சொன்ன விதம் பொறுக்காமல் அதன் லண்டன் நிருபர் சாரா ஃபர்த் வேலையை விட்டார்.

கதைகள் மாறிய வரிசையைப் பாருங்கள். 2014 ஜூலையில், பக்கத்தில் உக்ரைன் போர் விமானம் பறந்தது என்றது ரஷ்ய ராணுவம். நவம்பரில் அந்தப் போர் விமானம் சுடுவதாக ஒரு செயற்கைக்கோள் படத்தையே ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி காட்டியது. அது போலி என்று உடனே அம்பலமானது. 2015-இல் பூக் ஏவுகணையைத் தயாரிக்கும் ரஷ்ய நிறுவனமே வந்து, ஆமாம், பூக்தான், ஆனால் உக்ரைன் பக்கமிருந்து வந்தது என்றது. 2018-இல், அந்த ஏவுகணை 1986-லேயே உக்ரைனுக்குப் போய்விட்டது என்றார்கள். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி இப்படிப் பேசினால் குறுக்கு விசாரணைக்கே வேலையிருக்காது.

ஆனால் இந்தக் கதைகளில் ஒன்றையாவது நாம் நம்ப வேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல. எதையும் நம்பாமல் சலித்துப்போய் நாம் எழுந்து போனாலே அவர்களுக்குப் போதும்.

நம் மக்கள் ஏன் காது கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. 2003-இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாக அமெரிக்கா சொன்னது பொய். அந்த உண்மையைச் சொல்லித்தான் இவர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். (வாஷிங்டனின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் 1942-இல் போர்ப் பிரசாரத்துக்குப் பிறந்ததுதான். பெய்ஜிங் 1963-லேயே தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. தமிழ்ப்பற்றினால் மட்டும் இருக்காது.) உள்ளூர் ஊடகங்கள் நம் வேதனையை மறைத்த காலம் நீண்டது. நம்மை ஏய்த்தவனைத் திட்டுகிறவனெல்லாம் நம் நண்பனாகத் தெரிகிறான்.

"யாருக்குத் தெரியும்" என்ற சொல் நமக்குப் புதிதா? 2009-இல் குகன் போலீஸ் காவலில் இறந்தபோது நுரையீரலில் நீர் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் அதோடு விடவில்லை. இரண்டாவது பரிசோதனை அடி உதையைக் காட்டியது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளியாக்கியது.

எம்எச் 17-க்கும் பதில் இருக்கிறது. ஏவுகணை ரஷ்யாவின் 53-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது என்று 2018 மே மாதம் கூட்டுப் புலனாய்வுக் குழு அறிவித்தது. மலேசியாவும் அக்குழுவில் ஓர் உறுப்பு நாடு. அப்படியிருந்தும் 2019-இல் அப்போதைய பிரதமர் மகாதீர் ஆதாரம் எங்கே என்று கேட்டார். மாஸ்கோ ஊடகங்களுக்கு அது விருந்தானது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நான்காமவரைப் போதிய ஆதாரமில்லை என்று விடுவித்தது. எல்லாரையும் கண்மூடித் தண்டிக்கும் நீதிமன்றம் அல்ல அது. 2025 மே மாதம் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமும், ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவையே பொறுப்பாளி என்றன.

விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் அந்த வழக்கைத் தொடுத்தவை 196 பேரைப் பறிகொடுத்த நெதர்லாந்தும் 38 பேரைப் பறிகொடுத்த ஆஸ்திரேலியாவும். 43 பேரைப் பறிகொடுத்த, விமானத்துக்கே சொந்தமான மலேசியா ஏன் வழக்காடவில்லை? உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.