மண்ணுக்குள் மூச்சு

2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கோடிக்கணக்கான சில்வண்டுகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. 2004இல் உள்ளே போனவை. 17 ஆண்டுகள் எப்படி மூச்சு விட்டன?

மாயம் ஏதுமில்லை. பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடலின் இரு பக்கமும் உள்ள நுண்துளைகளில் நுழையும் காற்று, மெல்லிய குழாய்கள் வழியே நேராக உறுப்புகளுக்குப் போகிறது. கெட்டியாகத் தெரியும் மண்ணிலும் துகள்களுக்கு இடையே காற்று உண்டு. வேரை ஒட்டிச் சிறு அறை அமைத்து, அதிகம் அசையாமல் கிடக்கும் இளம் பூச்சிக்கு அது போதும். சாப்பாடு வேரில் ஏறும் சாறு. சாறு என்பதே மிகை, ஏறக்குறைய தண்ணீர். இந்தப் பத்தியமும் வளர்ச்சி மந்தமாக இருக்க ஒரு காரணம் என்கிறார்கள். வெளிவரும் காலம் நெருங்கும்போது, ஈர நிலத்தில் வளைக்கு மேல் புகைபோக்கி மாதிரி மண்கூம்பு எழுப்புவதும் உண்டு.

ஆக, மண்ணுக்கடியில் இருப்பது ஆபத்தல்ல. மேலே நடப்பதுதான் ஆபத்து. மரத்தை வெட்டினால் வேர் சாகும், உணவு போயிற்று. தார் போட்டு மூடினால் வெளியே வர வழியில்லை. 2004இல் தோப்பாக இருந்து பின்னர் வீட்டுமனையான இடங்களில் 2021இல் சத்தமே எழவில்லை. கனெக்டிகட்டில் இருந்த வேறொரு கூட்டத்தை 1954க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

2021இல் இட்ட முட்டைகளின் குஞ்சுகள் இப்போது மண்ணுக்குள் இருக்கின்றன. வரவேண்டிய ஆண்டு 2038.