குதிரைத்திறன் என்னும் மயக்கம்

ஹார்லி டேவிட்சனின் டூரிங் வண்டிகளுக்குக் கேம்ஷாஃப்ட் மாற்ற முனைவோர் முதலில் நோக்குவது விளம்பரத்தில் அச்சிட்ட உச்சக் குதிரைத்திறனைத்தான். தொடக்கமே பிழை என்கிறோம். ஆளும் மூட்டையும் ஏறுமுன்பே 350 கிலோவைத் தாண்டும் வண்டி அது. நெடுஞ்சாலையில் அதன் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்திற்கு 2000 முதல் 3500 சுற்றுகளுக்குள் ஓடுகிறது. 5000க்கு அப்பால் கிட்டும் திறன் யாருக்கு?

பார்க்கவேண்டியது, உள்ளிழு வால்வு மூடும் தருணம். பிஸ்டன் கீழ்முனை தொட்டு மேலேறத் தொடங்கியபின்னும் அது சற்று நேரம் திறந்தே இருக்கும். வேகச் சுழற்சியில் கலவையின் உந்தம் சிலிண்டரை மேலும் நிரப்பும். மெதுவான சுழற்சியிலோ, பிஸ்டன் அதை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அழுத்தம் குன்ற, முறுக்குவிசையும் குன்றும். லாரியை முந்தும்போது கைப்பிடியைத் திருகியும் வண்டி தயங்குவது இதனால்தான். அழுத்த விகிதத்தை உயர்த்தாதவர் முன்னதாக மூடும் கேமையே தேர்க. (1974இல் வந்த ராபர்ட் பிர்சிக்கின் நூலில் தத்துவத்தை மட்டும் படித்து, டாப்பெட் பக்கங்களைத் தாண்டும் நண்பர்கள் பொறுத்தருள்க.)

1999 மாடலாக வந்த ட்வின் கேம் 88 எனில் இன்னொன்று: கேம் சங்கிலியை இறுக்கும் பிளாஸ்டிக் பாதங்கள் தேய்வன, துகள்கள் எண்ணெய் பம்பையும் கெடுக்கும். மூடியைத் திறந்த கையோடு அவற்றை மாற்றாமல் புதுக் கேமுக்குச் செலவிடுவது வீண்.

நின்றபடி உறுமும் அந்த ஓசைக்காகவே வாங்குவோம் என்பாரோடு எமக்கு வழக்கில்லை. பின்னிருக்கையில் அமர்பவரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.