கொடியைப் பிடுங்கினால் கோர்பியேர் எஞ்சுமா?

பிரெஞ்சு ஒயின் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன போர்தோவும் ஷாம்பெய்னுமே. தெற்கே, மத்தியதரைக் கடலுக்கும் பைரனீஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட லாங்குதோக்கையும், அதனுள் அடங்கிய கோர்பியேரையும் நாம் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் கி.மு. 118-இல் உரோமர் நார்போன் நகரை நிறுவிய பழைமை உடையது அம்மண்.

சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். தைமும் ரோஸ்மேரியும் மணக்கும் 'காரிக்' என்னும் புதர்க்காடு. ஈரத்தை உறிஞ்சும் வடமேற்குக் காற்று. முகடுகளில் கெரிபுஸ், பெய்ர்பெர்த்தூஸ் கோட்டைகள். இவற்றினிடையே காரிஞான், கிரெனாஷ், சிரா திராட்சைகள். அவை தரும் செந்நிற ஒயினில் அப்புதர்க்காட்டின் வாசனையே கமழ்வதாகச் சுவைஞர் கூறுவர்.

இந்நிலக்காட்சியை இயற்கையின் கொடை என்று பயண நூல்கள் புகழ்கின்றன. நாம் அதனை உழைப்பின் கொடை என்போம். 1907-இல் விலை வீழ்ந்து, சர்க்கரை கலந்த போலி ஒயின் சந்தையை நிறைத்தபோது, அர்ஜெலியே என்னும் சிற்றூரின் மார்சலேன் ஆல்பெர் தொடங்கிய கிளர்ச்சி, ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிற்று. நார்போனில் படையினர் சுட்டதில் அறுவர் மாண்டனர். உள்ளூர் இளைஞரைக் கொண்ட 17-ஆம் படைப்பிரிவு கலகம் செய்தது. அம்மாத இறுதியிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் பிறந்தது. இன்று கோப்பையில் ஊற்றப்படும் தூய ஒயினுக்குப் பின்னால் அந்தக் குருதியும் உண்டு.

அன்றைய பகை கலப்படம். இன்றைய பகை வறட்சியும் குறைந்துவரும் நுகர்வும். மிகை உற்பத்தியைக் குறைக்க, கொடிகளை வேரோடு பிடுங்குவோர்க்கு எக்டேருக்கு 4,000 யூரோ வழங்கும் திட்டம் 2024-இல் வந்தது. விற்காத சரக்கை எவ்வளவு காலம் உழவன் சுமப்பான் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் மூண்ட தீ சுமார் 16,000 எக்டேர் பரப்பைச் சுட்டெரித்தபோது இன்னொரு கணக்கு வெளிப்பட்டது. களையகற்றிய மண்ணும் பசுந்தழையும் உடைய திராட்சைத் தோட்டம் தீயைத் தடுத்து நிறுத்தவல்லது. கொடி அகன்ற இடத்திலோ புதர் மண்டுகிறது. புதர் தீக்கு இரையாகிறது. அகற்றப்பட்ட கொடிகளே அழிவைப் பெருக்கின என்று உழவர்கள் குரல் எழுப்பினர்.

எனவே நாம் சொல்ல விழைவது இதுதான்: ஒரு தோட்டத்தின் மதிப்பை அது தரும் புட்டிகளால் மட்டும் அளத்தல் தகாது. பிடுங்குவதற்குப் பணம் தரும் அரசு, ஊர்களைச் சூழ்ந்து காக்கும் தோட்டங்களைப் பேணுவதற்கும் தரலாம். அது இரக்கத்தால் ஈயும் மானியமன்று. ஊர் காக்கும் பணிக்குரிய ஊதியம். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் கொண்ட மண்ணைக் காட்டுக்கு விட ஒரு தலைமுறை போதும். மீட்க எத்தனை தலைமுறை வேண்டுமோ!